மாதையன் அளந்த சந்து

பாப்பாரப்பட்டிச் சந்தையில் ராகி வாங்கிக்கொண்டிருந்தபோது பரிசல்கார முனியன் வந்து என் தோளைத் தொட்டான். "காரியதரிசி போய்ட்டாருங்க, வாத்தியாரே. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்களாம்." அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம். எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த சுவர் வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு மனிதர் எப்படிப் போகலாம்?

நம் சங்கக் காரியதரிசி மாதையனைப் பற்றி, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக்கரையில் இருந்த நம் பழைய ஊரை அணைத் தண்ணீர் எடுத்துக்கொண்டபோது, ஆளுக்கொரு திக்காகக் கிளம்பியவர்களை அவர்தான் நிறுத்தினார். கிடைத்த ஈட்டுத்தொகையை ஒன்றாகப் போட்டு, தண்ணீர் அடிவாரம்வரை வந்து நிற்கும் இந்த மேட்டைக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் வாங்கவைத்தார். மண்ணும் வீடும் சங்கத்துக்கு. குடியிருப்பது மட்டும் நமக்கு. கையெழுத்துப் போட்ட அன்று எல்லோருக்கும் இது புரிந்தது. வீடு கட்டி முடித்த பிறகு ஒருவருக்கும் புரியவில்லை, என்னையும் சேர்த்து.

மனை பிரித்த நாள் நினைவிருக்கிறதா? தண்ணீருக்கு இணையாக மூன்று தெரு, அவற்றிலிருந்து கரைக்கு இறங்க நான்கு சந்து. சேலத்திலிருந்து வந்த சர்வேயர் சந்துக்கு ஐந்தடி போதும் என்று நாடாவைச் சுருட்டினார். மாதையன் முனியன் தலையில் பரிசலைக் கவிழ்த்து நடக்கவிட்டு, இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி முளை அடித்தார். பழைய ஊரில் பரிசலை வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லாமல் கரையிலேயே போட்டு, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பறிகொடுத்தவர்கள் நாம். ஆனாலும் மனை சிறுத்துப்போகிறதே என்று நான் சண்டைக்குப் போனேன். நாடாவில் அளந்தால் என்ன என்றேன். "நாடா பரிசல் தூக்காதுங்க" என்றார். அந்த மனிதரிடம் பேசி ஜெயித்தவர் யார்?

எனக்கு வந்தது சந்து முனை வீடு. சமையல், படுக்கை எல்லாம் ஒரே அறையில். சென்ற ஆண்டு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது, அவளுக்கென்று சந்துப் பக்கம் ஓர் அறை கட்டிக்கொள்ள மூன்று முறை மனுக் கொடுத்தேன். மூன்றையும் தள்ளினார். மகாசபையில் வையுங்கள் என்றால், அங்கேயும் எதிர்த்துத்தான் பேசுவேன் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் முளையைத் தாண்டிச் சந்துக்குள் ஒன்றரை முழம் தள்ளிச் சுவர் எழுப்பிவிட்டேன்.

பல நாள் கழித்து எழுந்தவர், நேரே முனியனின் பரிசலைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். உச்சி வெயில். என் சுவரருகே பரிசல் சிக்கியது. பின்வாங்காமல் அப்படியே நின்றார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். குழந்தை தூங்குகிறதா என்று கேட்டார். தூங்குகிறது என்றேன்.

"அப்ப இன்னிக்கு இடிக்க வேணாங்க. ஆனா வூடே சங்கத்துதுங்க, வாத்தியாரே. சந்து எப்படிங்க உங்களுதாகும்?"

பரிசலை இறக்கி, சுற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு நோட்டீசு இல்லை, ஒரு பேச்சு இல்லை. விதிப்படி என்னை வெளியேற்றியிருக்கலாம். முடிவை எனக்கே விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மகள் புகுந்த வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது. அந்த அறையில் ராகி மூட்டை கிடக்கிறது. முளையைத் தாண்டி இன்று ஏழு சுவர்கள் நிற்கின்றன. கேட்டால் எல்லோரும் என் சுவரைக் காட்டுகிறார்கள். எதிர் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்துத்தான் தள்ளிக் கட்டினார். அன்று மாதையனைக் கரைக்குக் கொண்டுபோனபோது, அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே பாடையைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முன்னால் தோள் கொடுத்தவன் நான். என் முழங்கை என் சுவரிலேயே உரசித் தோலுரிந்தது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் கடப்பாரையை எடுக்கிறேன். அந்த ஒன்றரை முழத்தை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, ஒரு முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பிடிவாதத்தை. எதிர் வீட்டுக்காரரிடம் அவர் கேட்ட அதே கேள்வியை ஒரே ஒரு முறை கேட்பேன். அதற்கு மேல் பேசாமல் இருக்க என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை.