நீல லேபிள் ஒட்டிய டிரம்

ரெண்டு தடவை ஃபெயிலான பரீட்சை. மூணாவது தடவையும் போச்சுன்னா படிப்பே போச்சு. 2008 மழைக்காலத்துல என் நிலைமை அதுதான்.

என் பேரு ஸ்டெல்லா. திருவொற்றியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டு கேட்ல, உள்ள வர்ற வண்டிங்களுக்குச் சீட்டு எழுதுற கிளார்க். டிப்ளமோ இல்லாதவங்களுக்கு இனிமே வேலை நிச்சயமில்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அதனால முப்பத்தாறு வயசுல, சரக்குப் போக்குவரத்து நிர்வாகப் படிப்புல சேர்ந்தேன். பாடம், பரீட்சை எல்லாம் இன்டர்நெட்லதான். தினமும் காலையில தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வேலைக்கு ஓடுவேன்.

ஆபத்தான சரக்குன்னு ஒரு பாடம். எந்த லேபிளுக்கு என்ன அர்த்தம், தீப்பிடிச்சா என்ன செய்யணும், எல்லாம் இங்கிலீஷ். ஏறவே இல்ல. சோறு இறங்கல. பஸ்ல நிக்கும்போதுகூட, "இயேசப்பா, படிக்கிறது மண்டையில நிக்கணும்"னு உதடு முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். அதே யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற என் வீட்டுக்காரர் மைக்கேல், "இன்னாத்துக்கு உனக்கு இந்தப் பேஜாரு? வுட்டுடேன்"னார்.

பரீட்சைக்கு நாலு நாள் இருந்தப்போ, யார்டுல சரக்கு இறக்குற ஷெட்டுல ஒரே கூச்சல். ஓடினேன். கூரை ஓட்டையில மழை இறங்கின ஒரு கன்டெய்னர்லேருந்து இறக்கி வெச்ச டிரம் புகையுது. மைக்கேல் கையில தண்ணிக் குழாய். டிரம்ல நீல லேபிள், அதுல தீ படம்.

நீலம்னா தண்ணி படக்கூடாது. அப்படித்தானே படிச்சேன்? இல்ல, அது பச்சையா? பரீட்சையில இதையே தப்பா எழுதினவ நான். இப்பவும் தப்பாச் சொன்னா தீ பரவும். சொல்லாம இருந்தா? "இயேசப்பா, ஞாபகப்படுத்துங்க"ன்னு மனசுக்குள்ள கதறினேன். அந்தப் பாடத்தோட பக்கம் அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

"தண்ணி வுடாதீங்க! வெடிச்சிடும்!"

சூப்பர்வைசர் கத்தினார். "பொகைஞ்சிக்கினு கீது, வேடிக்கை பாக்கச் சொல்றியா? கேட்டுக்குப் போம்மா!"

மைக்கேல் என் முகத்தையே பார்த்தார். "மெய்யாலுமே தெரியுமா, ஸ்டெல்லா?"

"தெரியும்."

குழாயைக் கீழே போட்டுட்டார். சுவத்துல மாட்டியிருந்த சிவப்பு வாளிங்கள்ல இருந்த காஞ்ச மணலை ரெண்டு பேருமா கொட்டினோம். அப்புறம் எல்லாரும் சேர்ந்து மத்த டிரம்மையெல்லாம் தள்ளி வெச்சோம். தீயணைப்பு ஆபீசர் வந்து லேபிளைப் பார்த்தார்.

"உள்ள கார்பைடு கல்லு, தண்ணி பட்டா தீப்பிடிக்கிற வாயு கிளம்பும். தண்ணி அடிச்சிருந்தா இங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க. யாரு தடுத்தது?"

சூப்பர்வைசர் என்னைக் கை காட்டினார். நான் தரையிலேயே உக்காந்து அழுதுட்டேன்.

அந்த வாரமே பரீட்சை எழுதினேன். பாஸ். பெரிய மார்க் எல்லாம் இல்ல. நான் கேட்டது பாஸ் மட்டும்தான். ஆண்டவர் என் புருஷன் உயிரையும், அங்க நின்ன அத்தனை பேர் உயிரையும் சேர்த்துக் கொடுத்தார். இப்போ யார்டுல பாதுகாப்புப் பொறுப்பு என்கிட்ட. சபை வாசல்ல என்னை இறக்கி வுட்டுட்டு டீக்கடைக்குப் போய்க்கிட்டிருந்த மைக்கேல், இப்போ என் பக்கத்துல ஜெபத்துக்கு முழங்கால் போடுறார்.

பயந்துக்கிட்டே படிக்கிறவங்க, பயந்துக்கிட்டே வேலைக்குப் போறவங்க நம்மள்ல எத்தனையோ பேர். அந்தப் பயத்தை மறைக்காதீங்க. அப்படியே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. நடுங்குற குரலும் அவருக்குக் கேக்கும்.