பல் டாக்டரும் எதிர்க்கடைப் புகையிலையும்

பல் டாக்டர் தொழிலில் எதிரே இருப்பவர் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டே பொய் சொல்வார். வக்கீல்களுக்குக்கூட இந்த வசதி கிடையாது.

வாடிப்பட்டியில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் என் கிளினிக். மதுரையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். உதவிக்குச் சகாயமேரி இருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் சாலைக்கு எதிரே பாண்டி அண்ணன் பெட்டிக்கடை. முன்னால் வாழைப்பழத் தாரும் பாக்குப் பொட்டலச் சரங்களும் தொங்கும். சிகரெட், பீடி தட்டில் இருக்கும். அரசாங்கம் எப்போதோ தடை செய்த புகையிலைப் பொட்டலங்கள் கண்ணுக்குத் தெரியாது, கேட்டால் கிடைக்கும். அவர் கீழே விற்பதை நான் மேலே சுரண்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவரையாவது "இதை விட்டுத் தொலையுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. இருந்தாலும் நம்மைப் போன்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தானே வேண்டும்.

பழக்கம் உண்டா?

புதிதாக யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது. பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு ஏதாவது பழக்கம் உண்டா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்பார்கள். மீதிப் பேர் "முன்னாடி இருந்துச்சு" என்பார்கள். முன்னாடி என்பது பெரும்பாலும் மாடிப்படி ஏறுவதற்கு முன்னாடி.

அலங்காநல்லூர் பக்கமிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். கடைவாய்ப் பல் ஆடுகிறதாம். கேள்வியைக் கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கச் சொன்னால் இடது கன்னத்துக்குள் புகையிலை உருண்டை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சகாயமேரி கிண்ணத்தை நீட்டினாள். துப்பிவிட்டு, "இது பழக்கம் இல்ல டாக்டரம்மா, பல்லு வலிக்கு மருந்தா வச்சது" என்றார். "எப்ப இருந்துங்க பல்லு வலி?" என்று கேட்டேன். மனைவியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அதே அமைதியான குரலில் சொன்னார்: "கல்யாணம் ஆனதுல இருந்துங்க."

பெண் பார்க்கப் போகும் பல்

சமயநல்லூரிலிருந்து ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்தார். மறுநாள் பெண் பார்க்கப் போகிறார்களாம், பல்லில் இருக்கும் காவிக் கறையை எடுக்க வேண்டுமாம். பார்த்தேன். கறை எல்லாப் பல்லிலும் இருந்தது. ஈறும் இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும், அதற்குள் பாக்கை நிறுத்தினால்தான் நான் செய்வதற்கு அர்த்தம் உண்டு என்று விளக்கமாகச் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அம்புட்டெல்லாம் வேணாம்மா, சிரிச்சாத் தெரியற வரைக்கும் எடுத்துவிட்டாப் போதும்."

வெயிட்டிங் ஹாலில் சட்டசபை

ஒருநாள் வெயிட்டிங் ஹால் டிவியில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கப் புகையிலை விற்கக் கூடாது என்று சட்டம் போடலாமா என்பது விஷயம். பதினெட்டு வயது வரைக்கும் என்பதல்ல, எப்போதுமே கூடாது. வெளிநாட்டில் சில இடங்களில் இப்படிப் பேசுகிறார்களாம், நமக்கும் வேண்டுமா என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்த காலேஜ் பெண், தாடை வீங்கிய பஸ் கண்டக்டர், பல் கூச்சத்துக்கு மருந்து வாங்க வந்த எங்கள் பாண்டி அண்ணன்.

"அப்ப நாப்பது வயசு ஆளு, நாப்பத்தோரு வயசு ஆளுகிட்ட ஒரு சிகரெட் வாங்கித் தாங்கண்ணேன்னு கெஞ்சணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பாண்டி அண்ணன், "சட்டம் போடுறவன் கடையில வந்து நிக்கட்டும். ஆதார் கார்டக் காட்டுன்னு நாங் கேட்டா வாங்க வர்றவய்ங்க சும்மா போவாய்ங்களா?" என்றார். அதுவும் நியாயம். கண்டக்டர் வீங்கிய தாடையில் கைவைத்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நான் போனாப் பரவால்ல, எம் மகன் போகக்கூடாதுங்குறாங்க. நல்ல சட்டந்தாங்க."

உதட்டுக்கு உள்ளே

மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாமுக்குக் கூப்பிட்டார்கள். நான் படித்ததும் அதே மாதிரியான மிஷன் பள்ளிதான் என்பதால் சிஸ்டர்களிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் உண்டு. தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர், "நம்ம பிள்ளைங்ககிட்ட புகையிலை, பாக்கெல்லாம் கிடையாது டாக்டர், கேட்ல ஒருத்தர் நின்னு பையச் சோதிக்கிறார்" என்றார். நான் சரி சிஸ்டர் என்றேன்.

இப்போது வருகிற புகையிலைப் பொட்டலம் வெந்நீரில் முக்குகிற டீ பேக்கைவிடச் சின்னது. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது, வாசனையும் புதினாவாக இருக்கும். ஆனால் வைத்த இடம் வெளுத்துச் சுருங்கிப்போகும், துவைத்துப் பிழிந்த துணி மாதிரி. ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நாலாவது பையனின் உதட்டை மடித்தபோது அது இருந்தது. அடுத்தடுத்து இன்னும் சில உதடுகளிலும் இருந்தது. சிஸ்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டவில்லை. முதலில் மாட்டிய பையனிடம், "எந்தக் கடையிலப்பா இதை உங்களுக்கு விக்கிறாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவனும் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "யாரும் விக்கல சிஸ்டர், எங்களுக்குள்ள ஷேர் பண்ணிக்கிறோம்."

இரண்டு விரல்

பாண்டி அண்ணனுக்கு ஒரே மகன், கதிர். மதுரையில் பாலிடெக்னிக் படிக்கிறான். காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்று ஒரு மாலை அப்பாவே கூட்டிவந்தார். வீட்டில் கொஞ்ச நாளாகத் தயிர்ச்சோறு மட்டும் கேட்கிறானாம், வயிற்றுப்புண்ணாக இருக்கும் என்று அவன் அம்மா மோர் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "வாயை நல்லாத் திறப்பா" என்றேன். "திறந்துட்டேன் மேடம்" என்றான். நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன். அவன் திறந்தது அவ்வளவுதான்.

நல்ல வாய் என்றால் நம்முடைய மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கு நடுவே வைக்க முடியும். கதிருக்கு இரண்டு விரலே இடித்தது. பக்கத்தில் நின்ற பாண்டி அண்ணன் என்ன நினைத்தாரோ, தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தார். தாராளமாகப் போனது. ஆயுசில் அவர் ஒரு பாக்கைக்கூட வாயில் போட்டதில்லை. கன்னத்தின் உட்பக்கம் விறைத்துத் தோல் மாதிரி ஆகிவருவதைச் சொன்னேன். முதலில் பாக்கை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் முழுசாகப் பழையபடி வராது. நிறுத்தாவிட்டால் புற்றுநோய் வரை போகலாம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். ப்ளஸ் ஒன் படிக்கும்போதிருந்து போடுகிறேன் என்று கதிர் ஒப்புக்கொண்டான்.

"நம்ம கடையில எடுத்தியாடா?" என்று பாண்டி அண்ணன் கேட்டார். "இல்லப்பா, பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு ஒரு கடை." அவனுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று அவர் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். சகாயமேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம கடையில எடுத்திருந்தாலாச்சும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

பாண்டி அண்ணன் போட்ட சட்டம்

மறுநாள் பாக்குச் சரங்கள் இறங்கிவிட்டன. மறைத்து வைத்து விற்ற பொட்டலங்களும் நின்றன. சிகரெட்டும் பீடியும் இருந்தன, ஆனால் புது விதியோடு. கதிர் பிறந்ததற்குப் பிறகு பிறந்த எவனுக்கும் கிடையாது. "வருஷம் போகப்போக அவங்களுக்கும் வயசு ஏறுமே அண்ணே" என்று கேட்டுப் பார்த்தேன். "ஏறட்டும். நாப்பது வயசுல வந்து நின்னாலும் இல்ல" என்றார். பெரியவர்களுக்கு விற்கிறீர்களே என்றதற்கு, "அவுக வாய அவுகதான் பாத்துக்கணும்" என்று முடித்துவிட்டார். டிவியில் நாலு பேர் முடிவெடுக்க முடியாமல் திணறிய சட்டத்தை அவர் ஒரே ராத்திரியில் அமல்படுத்தியிருந்தார்.

அமல்படுத்துவதில்தான் சிரமம். கதிரோடு பள்ளியில் படித்தவன் ஒருத்தன் வந்து, "நான் கதிருக்கு ஒரு மாசம் மூத்தவண்ணே" என்று வாதாடினான். மீசை எடுத்திருந்த ஒரு கல்யாணமான ஆளை வயசு கேட்டுவிட்டார், அந்த ஆள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்ததாகக் கேள்வி. மற்றவர்கள் சண்டை போடவில்லை, நாலு எட்டு தள்ளிப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். டீயும் வாழைப்பழமும்கூட அங்கேயே வாங்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கடையில் அவர் மனைவி ஜோதி அக்கா மட்டும் இருந்தார். எப்படிப் போகிறது அண்ணன் சட்டம் என்று கேட்டேன். பழத்தாரில் ஈயை விரட்டிக்கொண்டே சொன்னார்: "நல்லாத்தான் போகுது டாக்டரம்மா, ஆனா பக்கத்துக் கடை வேற நாட்டுல இருக்கு."

ஐஸ் குச்சி

ஆஸ்பத்திரி முடிவு வர சில நாளானது. அந்த நாட்களில் பாண்டி அண்ணன் கடையைத் திறப்பார், ஆனால் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு என் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கதிர் முடிவு வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்தான். புற்றுநோய் இல்லை, இப்போதைக்கு. வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜன்னல் வழியாகச் சகாயமேரி, "ஒண்ணும் இல்லண்ணே" என்று கத்திக் கையை ஆட்டினாள். பாண்டி அண்ணன் திரும்பி எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வாடிக்கையாளருக்கு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். அந்த ஆள் கேட்டது தீப்பெட்டி.

அதற்குப் பிறகு வாராவாரம் கன்னத்துக்குள் ஊசி. அது வலிக்கிற ஊசி. வீட்டில் தினமும் பயிற்சி: ஐஸ் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே கொடுத்து, பொறுக்கிற மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூடும். நடுவில் இரண்டு வாரம் கதிர் வரவில்லை. வந்தபோது சகாயமேரி பக்கத்தில் போய் நின்றாள், புதினா வாசனை. "ஃபிரண்ட்ஸ் குடுத்தாங்க" என்றான். நான் திட்டினால் திரும்ப வரமாட்டான் என்று தெரியும், அதனால் ஊசியை எடுத்தேன். அவனும் வாயைத் திறந்தான். முன்னால் நுழைந்த குச்சிகளில் ஒன்று இந்தத் தடவை நுழையவில்லை. அது அவனுக்கே உறைத்தது என்று நினைக்கிறேன், பிறகு வரத் தவறவில்லை.

இப்போது இரண்டரை விரல் போகிறது. மூன்று போகாது. சால்னா ஊற்றிய பன் பரோட்டாவைக் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டு முடித்ததாக ஒரு சனிக்கிழமை பெருமையாக வந்து சொன்னான். அப்பாவிடம் பேச்சு குறைவுதான், ஆனால் சாயங்காலம் கடையில் அவனும் நிற்கிறான், அவன் வயதுப் பயல்கள் வந்து கேட்டால் அவனே இல்லை என்கிறான்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டிவியில் பேசியவர்கள் யாரும் அதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை. "உன் வயசுக்காரங்களுக்கு எந்தக் கடையிலயும் விக்கக் கூடாதுன்னு அப்பவே சட்டம் இருந்திருந்தா, நீ ஆரம்பிச்சிருக்க மாட்டியா கதிர்?" என்றேன். உடனே ஆமாம் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான்: "ஆரம்பிச்சிருப்பேன் மேடம், ஆனா எங்கிட்டாவது தேடி அலையணும்ல, நான் சோம்பேறி, பாதி நாள் போயிருக்க மாட்டேன்."

அந்தச் சட்டம் என்றைக்காவது வந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன், மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே கிளினிக்கையும் திறப்பேன்.