ராணியும் தம்பியும் பேசாத நாடகம்

தவறு என்னுடையது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி, தன் மாமனாரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டாள். நான் போகவில்லை. ஒரு நாடகத்தைப் பற்றி நான் சொன்ன கருத்தைத் திரும்பப் பெற மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய மாமனார் எங்கள் ஊர்க் கூத்தில் காலமெல்லாம் ராஜா வேஷம் கட்டியவர். மொரப்பூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் திருவிழாவுக்கு ஆடுவது ஒரே நாடகம்தான். கதை சிறியது. ராஜா போருக்குப் போகும்போது நாட்டைத் தம்பியிடம் ஒப்படைக்கிறான். பல வருடம் கழித்துத் திரும்பி வந்ததும், காரணம் எதுவும் சொல்லாமல் தம்பியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான். ஏன் விரட்டினான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கெட்ட நேரம் என்பார்கள்.

நான் கேட்டேன். தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு நாடகப் பாடம் நடத்தியவன் நான். ஒரு பாத்திரத்தின் மனம் அது பேசாமல் விடுவதில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, எங்கே பேச்சு இல்லையோ அங்கே எதையாவது தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த நாடகத்தில் ராணியும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. சேர்ந்து மேடையில் நிற்பதுகூட இல்லை. அவள் திரைக்குப் பின்னால் போன பிறகுதான் அவன் வருவான். ஒரே அரண்மனையில் இருப்பவர்கள் இவ்வளவு ஒதுங்கினால் அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் டீக்கடையில் அதை ராஜா வேஷம் கட்டும் அந்தப் பெரியவரிடம் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப எனக்கு அது தெரியுமாங்க, புரபசர் சார்?" என்றார்.

ராஜாவுக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. தெரியும், அதனால்தான் விரட்டுகிறீர்கள் என்றேன்.

அந்த வருடம் தம்பி மேடைக்கு வந்தபோது அவர் தம்பியைப் பார்க்கவில்லை. ராணி போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

வயதாகி அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. மனைவி இறந்தது மறந்துபோயிற்று, நாடகம் மறக்கவில்லை. மூத்த மகன் லாரி ஓட்டுகிறவன். வாரக்கணக்கில் வெளியே இருப்பான். வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவன் மனைவியும், கல்யாணமாகாத இளைய மகனும்தான். கஞ்சி கொண்டுவரும் மருமகளை அவர் ராணி என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் தெருவே சிரித்தது. பிறகு இளைய மகன் உள்ளே வரும்போதெல்லாம் தம்பியை விரட்டும் பாட்டைப் பாடிச் சொம்பை எடுத்து வீசினார். பட்டப்பகலில், தொண்டை கிழிய. கேட்டவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். கிழவனுக்குப் புத்திதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் தெரியுது என்று யாரோ சொல்ல, அது டீக்கடை வழியாக லாரிக்காரன் காதுக்கும் போனது. அவன் மனைவியோடு பேசுவதை விட்டுவிட்டான். அவன் தம்பி தருமபுரியில் அறை எடுத்துத் தங்கினான்.

அப்போதுதான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதானுங்க சார் அவருக்குச் சொல்லிக் குடுத்தது. நீங்களே வந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நாடகத்தில் அப்படித்தான் இருக்கிறதம்மா, இல்லாததை எப்படிச் சொல்வது என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இந்த வருடம் திருவிழாவுக்கு முன் தம்பி வேஷக்காரர் தொப்பூர் இறக்கத்தில் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்தார். ஒத்திகைக்கு ஆள் இல்லை. ராணி வேஷம் கட்டுகிறவர், இன்றைக்கு நானே இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோயில் மைதானத்தில், மத்தியான வெயிலில், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராணி போனாள். கட்டியங்காரன் வந்து ஊர் வம்பெல்லாம் இழுத்துச் சிரிக்க வைத்தான். கதைக்கு ஒட்டாத இந்தப் பகுதியை, பின்னால் யாரோ செருகியது என்று வகுப்பில் ஒதுக்கியிருக்கிறேன். சேலையைக் களைந்து கிரீடம் வைக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அது நீண்டது. திரை விலகியது. தம்பி வந்தான். மீசைக்கு மேலே ராணியின் மை தீட்டிய கண்கள் அப்படியே இருந்தன. நாடகத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது ஒரே ஆளுக்காகக் கட்டிய நாடகம். என்றோ ஒரு காலத்தில் குழுவில் ஆள் பற்றவில்லை, அவ்வளவுதான். யாரும் எதையும் மறைக்கவில்லை. 

முதலில் லாரிக்காரனிடம் போனேன். நான் சொன்னது தப்பு என்று, டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆச்சுங்களா?" என்றான்.

பிறகு பெரியவரிடம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒன்றுமில்லை, இரண்டு வேஷமும் ஒரே ஆள் கட்டுவது, அதனால்தான் சேர்ந்து வருவதில்லை என்று விளக்கினேன்.

"ஒரே ஆளா?"

"ஆமாங்க."

"பாருங்களேன், இத்தன நாளா எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சிரித்தார். கஞ்சியோடு நின்ற மருமகளின் முகத்தைக் காதோரத்திலிருந்து தாடை வரை, அரிதாரம் எங்கே முடிகிறது என்று தேடுவதுபோல், மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரியவரின் கோபம் அன்றோடு போயிற்று. இளைய மகன் வீட்டுக்குத் திரும்பினான். புருஷனும் பேச ஆரம்பித்தான் என்று கேள்விப்பட்டேன். மருமகள் வெளியே போய் இளைய மகன் உள்ளே வந்தால், "சீக்கிரமா வேஷம் மாத்திட்டியே" என்று பெரியவர் மெச்சுவாராம். தெரு மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு நாள் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்துவிட்டார். தூக்குவதற்கு மருமகளும் இளைய மகனும் சேர்ந்து ஓடியிருக்கிறார்கள். ஒரே ஆள் என்று நம்பியிருந்தவர் இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.  வேட்டி முனையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சாயங்காலம் வரை நடுங்கிக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அவர் கண்ணில் சேர்ந்து படுவதில்லை. அவள் பின்வாசல் வழியாகப் போன பிறகுதான் அவன் முன்வாசல் வழியாக வருகிறான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் கண்ட வரை, பேசிக்கொள்வதும் இல்லை.

போன வாரம் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். நான் மறுபடி வந்து அவருக்குப் புரியும்படி ஏதாவது சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"முன்ன கோவப்பட்டாருங்க சார், இப்பப் பயப்படுறாரு" என்றாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வேண்டாங்க. இனி ஒண்ணும் சொல்லாதீங்க."