என் காது செல்லாதாம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர் ஃபிளாட் வசந்தி ஒரு கையில் காகிதம், இடுப்பில் பிள்ளை என்று வந்து நின்றாள். மொழியியலில் பிஎச்.டி. செய்கிறாள். சில தமிழ் வாக்கியங்களை வாசிப்பாளாம்... சரியா, உதைக்கிறதா என்று நான் சொன்னால் போதுமாம்.

‘குடையைத் திருடின ஆளை நான் பார்த்தேன்.’ சரி.

‘நான் பார்த்தேன் குடையைத் திருடின ஆளை.’ இதுவும் சரி. பேச்சில் வருவதுதானே?

‘திருடின ஆளை நான் பார்த்தேன் குடையை.’ சே! யார் இப்படிப் பேசுவார்கள்?

வசந்திக்கு ஒரே சந்தோஷம். கொத்தாக நகர்த்தினால் வரும். கொத்துக்குள் இருக்கிற ஒரு சொல்லை மட்டும் உருவினால் வராது. எந்த மொழியில் எதை உருவலாம், எதை உருவ முடியாது — அதுதான் அவள் ஆராய்ச்சி. யாரும் சொல்லித் தராமலே இது நம் காதுக்குத் தெரிகிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை தொங்கிய முகத்தோடு வந்தாள். அவளுடைய ஆராய்ச்சி கைடு என் பதில்களை அடித்துவிட்டாராம். இத்தனை வருஷம் புனேயில் இருப்பவளின் தமிழ் கெட்டுப்போயிருக்கும், தமிழ்நாட்டில் இருப்பவர்களைக் கேட்டு வா, அதுவரை இந்த அத்தியாயத்தை ஏற்க மாட்டேன் என்றாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வானவடிப் பகுதியில் காய்கறி விற்கிற பாஜிக்காரரிடம் மராத்தி, ஆட்டோக்காரரிடம் இந்தி... ஒப்புக்கொள்கிறேன். கோபம் வந்தால் நான் எந்த மொழியில் திட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரரைக் கேட்கட்டுமே!

அதிருக்கட்டும், தன் கட்டுரைகளில் அவர் எழுதுகிற ஆங்கில உதாரணங்களுக்கு யாரைக் கேட்டாராம்? லண்டனுக்கா போனார்? யாரையும் கேட்கவில்லை, அவர் காதையே நம்புகிறார் என்றாள் வசந்தி. இதே புனேயில், சதாசிவ் பேட்டையில் பிறந்து அங்கேயே இருக்கிற மனுஷர்! அவர் காது செல்லும், என் காது செல்லாது. என்ன நியாயம் இது?

வசந்தி பட்டாளத்துக்காரர் மகள். கன்டோன்மென்ட் கன்டோன்மென்டாக வளர்ந்தவள். ஆனாலும் வீட்டில் தமிழ்தான்.

“உன் காது என்ன சொல்லுது?” என்றேன்.

“அந்த மூணாவது வாக்கியம் வாசிக்கும்போதே உறுத்துதுக்கா. ஆனா என் தமிழ் கச்சாவாம், அரைகுறையாம். கைடு முதல் நாளே சொல்லிட்டார்.”

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். பால் குடிக்கிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகிறாள் — தனக்குத் தெரிந்ததையே முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டு எழுதி வர!

வாக்கியத்திலிருந்து ஒரு குடையை உருவக் கூடாதாம்... இவளிடமிருந்து தமிழை மட்டும் உருவிவிடலாமா?