போல்ட்டுக்குள் இருந்த இன்னொரு எண்

கயானி நகரப் பழந்துப்பாக்கி சேகரிப்போர் மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கும், மற்றுமுள்ள உலக மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: கீழே வருவது முழுக்க உண்மை. அன்று நான் குடித்திருக்கவில்லை. மறுநாள்தான் குடித்தேன்.

எங்கள் மன்றத்தில் கடவுளுக்கு அடுத்தபடி வணங்கப்படுவது எண். குழலில் பொறித்த எண்ணும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால், அந்தத் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். கைக்குக் கிடைத்த பாகத்தைப் பூட்டிக்கொண்டு போருக்குப் போன நாடு எங்களுடையது. ஆகவே அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தது. மொசின் என்கிற பழைய ராணுவத் துப்பாக்கி. இரண்டிலும் 71409. விற்றவன் என் மனைவியின் தம்பி ஐமோ, மன்றத் தலைவன், பூதக்கண்ணாடியைப் பதக்கம் மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுத் திரிபவன்.

“அத்தான், வேற எவனுக்கும் இதக் கண்ணுலகூடக் காட்டியிருக்க மாட்டேன்,” என்றான்.

நெகிழ்ந்துபோனேன். என் மீன்பிடிப் படகை விற்றுத்தான் வாங்கினேன்.

டிசம்பர் மாதம். எங்கள் வடகோடி ஊரில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மனைவி லாஹ்யா கடைக்குப் போயிருந்தாள். துப்பாக்கி மாடி அலமாரியில் இருந்தது. போல்ட்டைத் தனியாக வைப்பது எங்கள் வழக்கம். அது உருளைக்கிழங்கு நிலவறையில், பூட்டிய பெட்டிக்குள்.

மாலை 4.10. காலுக்கடியில் ஒரு சத்தம்.

சரக்... சரக்... டக்.

போல்ட்டை இழுத்து, தள்ளி, பூட்டும் சத்தம். ஆனால் துப்பாக்கி மாடியில் அல்லவா இருக்கிறது?

விளக்கோடு கீழே இறங்கினேன். பெட்டி பூட்டியபடியே இருந்தது. நிலவறை முழுக்க வெடிமருந்து வாடை.

திறந்தேன். போல்ட்டைத் தொட்டேன்.

விரல் சுட்டது.

சுவரில் பனி உறைந்திருந்தது. போல்ட் மட்டும் கொதித்தது...

71409 மங்கியது. அதனடியிலிருந்து இன்னொரு எண் மேலே வந்தது...

38226.

எனக்குத் தெரிந்த எண். ஐமோ வீட்டுக் கணப்புக்கு மேலே, அலங்காரமாக மாட்டியிருக்கும் துப்பாக்கியின் எண். அதற்கு போல்ட் கிடையாது. எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த எண்ணை உரசி எடுத்து, என் குழலின் எண்ணை அடித்து, என் தலையில் கட்டியிருக்கிறான்.

மேலே ஓடித் தொலைபேசியைச் சுழற்றினேன். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தான்.

“மாப்ளே, இந்த போல்ட் யாருதுடா?”

“எண்ணு பொருந்துதுல்ல, அத்தான்? அப்புறம் என்ன?”

டமார்...

இணைப்பு அறுந்தது.

பிறகு தெரிந்தது இவ்வளவுதான். கணப்பருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், என் அழைப்பை எடுக்க, தொலைபேசி இருக்கும் நடைக்கு எழுந்து போயிருக்கிறான். சுவரில் சாய்வாக மாட்டியிருந்த துப்பாக்கி வெடித்திருக்கிறது. நாற்காலியின் முதுகில், அவன் நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை. போலீஸ்காரர் துப்பாக்கியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். போல்ட் இல்லாமல் அதனால் சுடவே முடியாது என்றார்.

அடுத்த வாரம் ஐமோ ஏலக்காய் ரொட்டியோடு வந்தான். மன்னிப்புக் கேட்க அல்ல. தானே சுடும் துப்பாக்கிக்கு மன்றத்தில் பெரிய மரியாதையாம். அதற்கு அதன் சொந்த போல்ட் வேண்டுமாம். பழைய எண்ணை மறுபடி அடித்துக்கொள்வானாம்.

நாற்காலியை இடம் மாற்றிவிட்டானா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான்.

போல்ட்டைக் கொடுத்துவிட்டேன்.