கயிறு பஸ் கண்டக்டர்

என் அத்தைக்குக் குரல் கிடையாது. பிறக்கும்போதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்ததையெல்லாம் பஸ்ஸிலேயே கத்தித் தீர்த்துவிட்டு வந்தவர். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்தே ஆடலாம், அவ்ளோ இடம் இருக்கு" என்று வருஷக்கணக்காகக் கூவியதில் தொண்டைக்குள் ஏதோ தேய்ந்துபோனது. இனிமேல் கத்தினால் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். "ஓடாத பஸ்ஸைப் பாத்துட்டு உக்கார எனக்கென்ன தலையெழுத்தா?" என்று வேலையை விட்டுவிட்டு, ஒரு தோல் பை, ஒரு விசில், இரண்டு காக்கிச் சட்டையோடு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் வெளியே போகவேயில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளை எண்ணெய் இல்லாத கதவு மாதிரி ஒரு குரலில் திட்டிக்கொண்டிருப்பார். அப்பா அவருக்குத் தம்பி. அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கிற மனிதர், அக்கா முன்னால் மட்டும் பல்லைத் தேய்த்தாயா என்று கேட்கப்பட்ட பையன் மாதிரி நிற்பார்.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் காலை நேரத்தில் மூச்சு விட வேண்டுமென்றால் முந்தின நாளே விட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை. அங்கே மணி அடித்தால் எங்கள் சமையலறையில் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வண்டி. வேன், கார், ஸ்கூட்டர் எல்லாம் வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு பையனுக்கு ஷூ மாட்டி முடிப்பதற்குள் தெரு முழுக்கப் புகை.

ஆனால் தெரு கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டிருந்த காலமும் அதுதான். தெருமுனையில் காய்கறித் தோல் போடப் பெரிய உரப் பீப்பாய் வைத்தார்கள். அப்புறம் ஒரு பொது அலமாரி வந்தது. தெருவுக்கே ஒரு ஏணி, ஒரு டிரில் மெஷின். யார் வீட்டில் படம் மாட்டினாலும் அதே மெஷின்தான் வந்து சுவரைக் குடையும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாத மின்விசிறிகளையும் அறுந்த பைகளையும் ஒரு மேஜையில் போட்டு, தெரிந்தவர்கள் சரிசெய்வார்கள், தெரியாதவர்கள் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். இதையெல்லாம் செய்த குழுதான் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கூடிப் பள்ளிக்கூட வண்டிகளைப் பற்றிப் பேசியது. எங்களிடம் கார் இல்லாததால் ஷெட் எப்போதும் கூட்டத்துக்குத் தயாராக இருக்கும்.

பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து நடந்தே போகலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். கூட்டிக்கொண்டு போவது வேறு யாராவதாக இருக்க வேண்டும்.

எல்லாரும் மேலே ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கதவு கிறீச்சிட்டது. கதவில்லை, அத்தை.

"நான் கூட்டிட்டுப் போறேன்."

முனை வீட்டு வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார். அவர் பையன்தான் பட்டாணி. ஒன்றாம் வகுப்பு. அவ்வளவு பொடிசு, ஊரிலேயே அவன் அளவுக்குச் செருப்பு கிடைக்காது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ரோட்டுல ஒரு புள்ள குறுக்க ஓடுனா, உங்களால கூப்பிட முடியுமா?"

அத்தை பையைத் திறந்து விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார். மூலையில் தூங்கிய நாய் எழுந்து போயே போய்விட்டது. அப்பா கையிலிருந்த காபி அவர் சட்டைக்கு மாறியது.

"இப்ப?" என்றார் அத்தை.

வக்கீலம்மா காதைத் தேய்த்துக்கொண்டார். "சரி. ஆனா பரீட்சை முடியற வரைக்கும் பாப்போம். நடுவுல ஒரு நாள் லேட்டானாலும் சரி, ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் சரி, மறுநாளே வேன். சம்மதமா?"

அத்தை தலையாட்டினார். கூட்டம் கலைவதற்குள்ளேயே மாடிக்குப் போய்க் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். அப்பா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ கேட்டைத் தாண்டறதைப் பத்தி இன்னிக்குத்தான் பேசியிருக்கா. இது போச்சுன்னா மறுபடியும் ஜன்னல்தான். உன் வாலைச் சுருட்டிப் பைக்குள்ள வெச்சுக்கோ. புரியுதா?"

புரிந்தது. ஆனால் வால் என்பது நாம் சொன்னால் கேட்கிற உறுப்பில்லை.

துணி காயப்போடுகிற பழைய கயிறு ஒன்றில் முடிச்சுகள் போட்டார் அத்தை. ஒரு முடிச்சு ஒரு சீட்டு. முன்னால் கயிற்றைப் பிடித்து நடப்பவள் எட்டாவது படித்த என் அக்கா. அவள்தான் டிரைவர். அந்தப் பதவி வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில்கூட நேராகவே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பின்னால் அத்தை, கண்டக்டர். ஒவ்வொரு வாசலும் ஒரு ஸ்டாப். கயிற்றுக்கு வெளியே ரோட்டுப் பக்கமாக நடந்தால் அதற்குப் பெயர் ஃபுட்போர்டு. "ஃபுட்போர்டுல யாருடா?" என்று அந்தக் கிறீச்சுக் குரல் முதுகில் பட்டால் போதும், உள்ளே ஒடுங்கிவிடுவோம். தெரு முழுக்க அதற்குக் கயிறு பஸ் என்றே பெயர் வைத்துவிட்டது.

சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. வாயால் யார் சொன்னாலும் நகரக் கூடாது. "ரோட்டுல ஆயிரம் பேரு போங்கம்பான், வாங்கம்பான். நானே வாயால சொன்னாலும் நகராதீங்க. விசில் வரணும்."

எனக்கு நாக்கை மடித்து விசிலடிக்க வரும். படிப்பில் வராததெல்லாம் சேர்ந்து அதில் வந்திருந்தது. முதல் வாரத்திலேயே, அத்தை குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இரண்டு அடித்தேன். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி வந்தார். பட்டாணி சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

அத்தை என்னைத் திட்டவில்லை. என்னைக் கடைசி முடிச்சுக்கு மாற்றித் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார். அதோடு எல்லாரையும் பார்த்து, "இனிமே இவன் ஊதினா உங்களுக்குக் காது கேக்காது. என்ன?" என்றார். "கேக்காது!" என்று மொத்த பஸ்ஸும் கத்தியது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் கடைசி சீட்டு.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் மூக்கில்தான் முதலில் வரும். பேக்கரியின் பின்பக்கச் சுவரில் இருக்கிற ஜாலி ஓட்டைகளிலிருந்து ரொட்டி வாசனையோடு சூடான காற்று வரும். குளிர் நாட்களில் அங்கே வேண்டுமென்றே ஷூ நாடாவைக் கட்டுவோம். அத்தையும் வேண்டுமென்றே பார்க்காத மாதிரி இருப்பார். அடுத்தது மரக்கடை. ரம்பத்தூள் பறந்து வந்து தலையில் உட்கார்ந்து, வகுப்பில் எல்லாரும் கிழவர்களாக இருப்போம். வேன்கள் ஒவ்வொன்றாக எங்கள் தெருவை மறந்தன. காலையில் அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டுக்காரர் வாய் கொப்பளிக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். அத்தை ஜன்னல் பக்கம் உட்காருவதை நிறுத்திவிட்டார். சாயங்காலங்களில் ஏணியை யார் எடுத்துப் போனார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். ஏணி வாங்கியவர்கள் பயந்து முன்கூட்டியே திருப்பிக் கொடுத்தார்கள்.

பரீட்சை நெருங்கிய சமயம், ஒரு நாள் பெரிய மழை. "இன்னிக்கு மட்டும் ஸ்கூட்டர்ல விட்டுடறேனே" என்று வக்கீலம்மா கேட்டுப் பார்த்தார். பட்டாணி மழைக்கோட்டுக்குள்ளிருந்து, "பஸ்ஸு மழையிலயும் ஓடும்மா" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பிடித்துக்கொண்டான். வக்கீலம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்.

மரக்கடை வாசலில் லாரி ஒன்று பின்னால் நகர்ந்து ரோட்டுக்கு வந்தது. அத்தை ஒரு விசில் கொடுத்தார். நின்றோம். லாரி திரும்பிப் போயும்விட்டது. அத்தை மறுபடி விசிலை வாயில் வைத்தார்.

புஸ்.

உதறிவிட்டு ஊதினார். புஸ். விசிலுக்குள் உருளுகிற சின்ன மரக் குண்டு மழைத் தண்ணீரில் ஊறி, உப்பி, அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

"போங்க" என்றார் அத்தை. யாரும் நகரவில்லை.

"சொல்றேன்ல, போங்கடா!" குரலை இழுத்துக் கத்தப் பார்த்தார். பாதியில் அது அறுந்து வெறும் காற்றாக வந்தது. மழையில் முன்வரிசைக்கு அதுவும் கேட்டிருக்காது. டிரைவர் நேராகப் பார்த்தபடி நின்றாள். அவள் தலையில் இடி விழுந்திருந்தாலும் இரண்டாவது இடிக்காகக் காத்திருப்பாள்.

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். ஹாரனுக்குச் சட்டத்தில் இடமில்லை. வக்கீலம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நனைந்தபடி ஓடி வந்தார்.

"என்னடா இது, லாரி போயிடுச்சுல்ல! நடங்க!"

"ரெண்டு விசில் வரலம்மா" என்றான் பட்டாணி. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கக்கூட அவன் முடிச்சை விடவில்லை.

நான் நாக்கை மடித்து இரண்டு அடித்தேன். அதுவரை என் வாழ்க்கையில் அடித்ததிலேயே நல்ல விசில் அது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. "கடைசி சீட்டு ஊதறான், யாருக்கும் கேக்கல" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்போது பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது. இரண்டாவது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் மாடி ஜன்னலில் பார்த்த அதே முகம். 

"அத்தை, என் காதைத் திருகுங்க" என்றேன்.

"என்னது?"

"எல்லாரும் பாக்கற மாதிரி. திருகுங்க, நான் ஊதறேன்."

அத்தைக்கு ஒரு நொடிதான் ஆனது. என் வலது காதைப் பிடித்தார். பழைய பஸ்களில் மணிக்கயிற்றை இழுத்த கை அது. ஒரு திருகு. விசிலடித்தேன். இன்னொரு திருகு. விசிலடித்தேன். இரண்டாவது அடித்தபோது விசிலோடு கண்ணில் தண்ணீரும் வந்தது, வலியில்தான்.

பட்டாணி திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்தபடி யோசித்தான்.

"ஏய், ஊதறது அவன் இல்ல! அத்தைதான் ஊதறாங்க! போலாம்!"

பஸ் கிளம்பியது. வழியில் ஒரு குறுக்குச் சந்துக்கு ஒரு திருகு, தாண்டுவதற்கு இரண்டு திருகு. பள்ளிக்கூடம் வருவதற்குள் என் காது பேக்கரி ஜாலி மாதிரி சுட்டது. இரண்டாவது மணி அடித்து, கேட்டும் சாத்தியாகிவிட்டது. வாட்ச்மேனிடம் வக்கீலம்மா ஏதோ சட்டம் பேசித்தான் எங்களை உள்ளே அனுப்பினார். அத்தை கேட்டுக்கு வெளியே நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லேட் என்றால் லேட்தான்.

சாயங்காலம் ஷெட்டில் கூட்டம். அத்தை காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் புடவையில் வந்து, கயிற்றைக் கொண்டுபோய் வக்கீலம்மா முன்னால் வைத்தார். "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். அப்பா தரையைப் பார்த்தார்.

வக்கீலம்மா கயிற்றைத் தொடவில்லை. அவருக்கு இன்னும் தும்மல் நிற்கவில்லை.

"என் புள்ள சாப்பாட்டுக்குக்கூட ஒரு இடத்துல உக்கார மாட்டான். இன்னிக்கு மழையில, அவ்ளோ ஹாரன்ல, பெத்தவ கத்தறேன், ஒரு இஞ்ச் நகரல. ரோட்டுல எனக்கு வேற என்ன வேணும்?" மறுபடி தும்மினார். "லேட்டு லேட்டுதான். அதுக்குத் தண்டனை உண்டு. நாளைக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு விசில் வாங்கி வெச்சுக்கங்க. ஒண்ணு ஸ்டெப்னி."

"நாளைக்குக் கடை லீவாச்சே" என்றார் அப்பா.

வக்கீலம்மா என் காதைப் பார்த்தார். "அதுவரைக்கும் ஸ்டெப்னி இருக்குல்ல."

ஷெட்டே சிரித்தது. அத்தை சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அன்று ரொம்ப நேரம் குலுங்கியது.

இப்போது எனக்குப் பதினேழு. படிப்புக்கும் எனக்கும் பத்தாவதோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது, சைக்கிள் கடையில் இருக்கிறேன். எங்கள் பக்கம் சைக்கிள் கூடிவிட்டதால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. டிரைவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். பட்டாணி என்னைவிட உயரம், அந்தப் பெயரில் கூப்பிட்டால் முறைக்கிறான். கயிறு மாறிவிட்டது, இப்போது நைலான். இரண்டு அம்மாக்கள் முறை போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். அத்தைக்கு முட்டி தேய்ந்துவிட்டது. காலையில் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, காக்கிச் சட்டையைப் புடவை மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டில் இப்போது பள்ளிக்கூடம் போக ஆள் கிடையாது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் கயிறு பஸ் எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒரு விசில் கேட்கும். பஸ் நிற்கும். அத்தை முடிச்சு முடிச்சாகப் பார்ப்பார். ஃபுட்போர்டில் யாராவது இருந்தால் உள்ளே போகச் சொல்வார். அதற்குப் பிறகு அன்றைய முறைக்கார அம்மா விசில் அடிப்பதில்லை. பொடிசுகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

கடைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை ஸ்டாண்டு போடுவேன். நாற்காலிக்குப் பக்கத்தில் போய், அவர் கைக்கு எட்டுகிற அளவு குனிவேன். இப்போது ரொம்பவே குனிய வேண்டியிருக்கிறது. திருகில் முன்புபோல் வலு இல்லை. ஆனாலும் நன்றாக வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு அடிப்பேன்.