லூர்தக்காவின் சும்மாடு

லூர்தக்கா போய்விட்டார்...

காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஜெனி போன் செய்தாள். "அம்மா போயிட்டா அக்கா." அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில்தான் யோசனை வந்தது.

மியூசியத்துக்குப் போகிற வழி அது. இன்று எங்களுக்கு வார விடுமுறை, சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. காரணம், அக்காவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மியூசியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் லூர்தக்காவைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. நம் மாவட்டத்து மக்களை ஆளுயரச் சிலைகளாக வைத்திருக்கிற கூடத்தில், தலையில் கடவம் என்கிற ஓலைப் பெட்டியோடு நிற்கிற மீன்காரப் பெண்... அது அவர்தான். நீங்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்த முகம்.

கட்டட வேலை நடக்கும்போது கேட்டுக்கு முன்னால் மீன் விற்க வந்தார். சிற்பி பார்த்தார், இந்த முகம்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் அலுமினியச் சட்டியில இல்லா கொண்டு வாறேன். கடவம் எங்க அம்மைக்க காலத்துச் சாமானாக்கும்."

ஆனாலும் நின்றார். அஞ்சுகிராமம் வரை போய் விற்று முடித்துவிட்டு, மூன்று நாள் மத்தியானம் வந்து நின்றார். சிற்பி "அசையாதீங்கம்மா" என்பார். அக்கா "வாயையுமா?" என்பார்.

திறப்பு விழா அன்று சிலையைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சும்மாடு எங்கே?"

தலைக்கும் சுமைக்கும் நடுவே சுருட்டி வைக்கிற துணி. அதைச் சிற்பி மறந்துவிட்டார். நாங்களும்தான். இத்தனை பேர், இத்தனை மீட்டிங்... ஒருவருக்கும் தோன்றவில்லை. கடவத்தை நேராக உச்சந்தலையில் வைத்து ஃபைபர் பசை ஊற்றி ஒட்டியாகிவிட்டது.

"அது யாருக்கும் தெரியாதும்மா" என்றார் சிற்பி.

"பாக்க வாறவனுக்குத் தெரியாது. சொமக்குதவளுக்குத் தெரியுமே!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

அதற்குப் பிறகு அந்த வழியாக வரும்போதெல்லாம் சட்டியை கேட்டில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருவார். சிலைக்கு முன்னால் நின்று தன் உச்சியைத் தேய்த்துக்கொள்வார். "இவளப் பாத்தா எனக்கு மண்டை நோவுது மக்கா." பக்கத்தில் நிற்கும் பனையேறி சிலையையும் விடமாட்டார். "இந்த மனுசனைப் பாரு, ரெண்டு வருசமா பக்கத்துல நிக்காரு. ஒரு கை பிடிச்சு இறக்கி விடத் தோணல்ல பாத்தியா?"

நான் மீட்டிங்கில் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். கடவத்தை எடுத்தால் தலை விரிசல் விடும், அடுத்த பெயின்டிங்கின்போது பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் ஆண்டு விழா முடியட்டும் என்றார்கள். அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் தன் பழைய புடவையைக் கிழித்துச் சுருட்டி, என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "எப்பக் கழட்டுதியளோ, அப்ப இத வச்சிரு."

இழுப்பறையில் போட்டேன். அதைத் திறக்கும்போதெல்லாம் மீன் வாசம் வரும். பட்டென்று மூடிவிடுவேன்.

போன மாசம் கடைசியாகப் பார்த்தது. அக்காவுக்கு நல்ல இளைப்பு, மூச்சு வாங்கியது. உள்ளே வர முடியாமல் கேட்டிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"ஏட்டி, வச்சியா?"

எனக்கு உள்ளே நூறு ஸ்கூல் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வச்சாச்சு அக்கா."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப இளைப்பு மாறட்டு, வந்து பாக்கேன்" என்று போனார்.

இன்று ஜெனி போனில் அழுதுகொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரியில நர்ஸுமாரு கிட்டயெல்லாம் இதே பேச்சுதான் அக்கா. மியூசியத்துல எனக்குச் சும்மாடு வச்சாச்சுன்னு..."

பிறகு கேட்டாள். "அடக்கம் நாலு மணிக்கு. அண்ணனும் துபாய்ல இருந்து வந்திருக்கான். முடிஞ்சதும் நாங்க எல்லாரும் அங்க வாறோம், கதவு தொறந்து தருவியளா? அம்மாதான் பாக்கல்ல. நாங்களாவது பாத்துக்கிடுதோம்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு ஹாக்ஸா பிளேடு வாங்கினேன். மியூசியத்தில் சிலைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். வாட்ச்மேன் அண்ணன் "வேலை போயிரும் பிள்ளே" என்றபடியே கடவத்தைப் பிடித்துக்கொண்டார்.

என் முகத்துக்கு நேரே அக்காவின் முகம். அறுக்கும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை... உயிரோடு இருந்தால் இந்நேரம் கடல்வரை கேட்டிருக்கும்.

முக்கால் மணி நேரம். பசை பிளந்து கடவம் கழன்று வந்தது. உச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். இழுப்பறையில் இருந்த சும்மாட்டை எடுத்து வைத்தேன், விரிசல் மறைந்துவிட்டது. அதன்மேல் கடவம். கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஒட்டவில்லை. ஒட்டவும் மாட்டேன்.

மேனேஜர் சார் இந்தப் பதிவைப் பார்ப்பார் என்று தெரியும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் சார்.

மணி மூன்றரை. கையெல்லாம் ஃபைபர் தூள், அரிக்கிறது. இப்படியே அடக்கத்துக்குக் கோயிலுக்குப் போகிறேன்.

ஜெனி, கதவு திறந்திருக்கும். எல்லோரும் வாங்க.

லூர்தக்கா... வச்சாச்சு.